பரு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? முகப்பருவின் வகைகளும் ஹோமியோபதியும்

முகத்தில் பரு வந்தவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. ரத்தம் கெட்டுவிட்டது என்பார் ஒருவர். முகத்தைச் சரியாகக் கழுவுவதில்லை என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "எனக்கு ஹோமியோபதியில் மூன்றே மாதத்தில் போய்விட்டது" என்று அடித்துச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை; உண்மையாகவே போயிருக்கும். ஆனால் அவருக்கு வந்தது எந்த வகைப் பரு, நமக்கு வந்திருப்பது எந்த வகை என்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை. மூக்கு நுனியில் தெரியும் கரும்புள்ளியும் பருவில்தான் சேர்த்தி. தாடையோரத்தில் கை பட்டாலே உயிர் போகும் கட்டியும் பருவில்தான் சேர்த்தி. முதலாவது ஆறு மாதம் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டாவது ஆறு மாதம் கிடந்தால் வாழ்நாள் முழுக்கக் குழியாக நிற்கக்கூடும்.

அதனால் மருந்துக்குப் போகுமுன் பருவையே கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஹோமியோபதிக்கு அதன் பிறகு வரலாம்.

## தோலுக்குள் ஒரு குழாய்

பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகுழாயை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு தினமும் இறங்குகிறது. தண்ணீரோடு போய்விடும்வரை சிக்கல் இல்லை. துணுக்குகள் பிசுக்கில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தால் குழாய் அடைத்துக்கொள்கிறது. அதன்பின் தொட்டியை எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்தாலும் அடைப்பு உள்ளேயேதான் இருக்கும்.

தோலில் அந்தக் குழாய்க்கு மயிர்க்கால் என்று பெயர். முடி முளைக்கும் குழி. அதன் பக்கவாட்டில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி திறக்கிறது. அது சுரக்கும் கொழுப்புப் பொருள் சீபம். முகம், மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் பெரியவை, நெருக்கமாகவும் இருப்பவை. பருவும் அந்த இடங்களில்தான் வருகிறது. உள்ளங்கையில் மயிர்க்கால் இல்லை. அங்கே பரு வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டிருக்கமாட்டீர்கள்.

ஒரு பரு உருவாக நான்கு காரியங்கள் கைகோக்க வேண்டும். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. 'ஆண் ஹார்மோன்' என்று சொல்லப்பட்டாலும் பெண்ணுடலிலும் இவை உண்டு. சீபத்தை அதிகம் சுரக்க வைப்பவை இவைதான். அதே சமயம், குழாயின் உட்சுவரிலிருந்து உதிரவேண்டிய பழைய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அடைப்பு விழுகிறது. அடைபட்ட எண்ணெய்க் குளத்தில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா செழிக்கிறது. இது எல்லார் தோலிலும் எப்போதும் குடியிருப்பது, வெளியிலிருந்து வந்து தொற்றியதல்ல. கடைசியாக, உடலின் தற்காப்புப் படை அங்கே வந்து சண்டையைத் தொடங்குகிறது. சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம் அந்தச் சண்டையின் விளைவு. அதற்கு அழற்சி என்று பெயர். இந்த நான்கும் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வருவதில்லை. கண்ணுக்கு அடைப்பு தெரியும் முன்பே அழற்சி மெல்லத் தொடங்கிவிடுவதும் உண்டு.

இவ்வளவிலும் அழுக்கு எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 'கெட்ட ரத்தம்' என்பதும் வரவில்லை. நாளைக்கு ஆறு முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். தோல் வறண்டு எரிச்சல் கூடுவதுதான் மிச்சம். முகம் கழுவும் மென்மையான திரவம் ஒன்றால் இரண்டு முறை போதும்.

சுருக்கமாக: எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி. நடக்கும் இடம் மயிர்க்காலின் உள்ளே.

## வகை என்பது ஆழம்

பரு வகைகளைப் பெயர்ப்பட்டியலாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அடைப்பு எங்கே, சண்டை எவ்வளவு ஆழத்தில் என்ற இரண்டு கேள்விகள் போதும்.

சண்டை பெரிதாகாமல் வெறும் அடைப்பாக நிற்பதற்குக் கொமிடோன் என்று பெயர். குழாயின் வாய் மூடியிருந்தால் தோல் நிறத்திலோ வெண்மையாகவோ சின்ன மேடு, இதுதான் ஒயிட்ஹெட். வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. கரும்புள்ளியின் கறுப்பை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதவர்கள் குறைவு. அது தோலின் நிறமியான மெலனினும், காற்றுப்பட்டு நிறம் மாறிய கொழுப்பும் கலந்தது. நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிளைத் தேய்த்து வெள்ளையாக்க யாரும் முயல்வதில்லை.

சண்டை மேல்மட்டத்தில் தொடங்கினால் சிவந்த சிறு மேடு, சீழ் இல்லாமல். அதற்குப் பாப்யூல் என்பார்கள். உச்சியில் மஞ்சளாகச் சீழ் தெரிந்தால் அது சீழ்ப்பரு. பெரும்பாலோர் 'பரு' என்று சொல்லும்போது மனத்தில் இருப்பவை இந்த இரண்டும்தான். கிள்ளாமல் விட்டால் இவற்றில் பெரும்பாலானவை தழும்பில்லாமல் ஆறும். ஆறிய இடத்தில் கருமை மட்டும் சில மாதம் தங்கலாம், நிறம் அடர்ந்த தோலில் இன்னும் அதிகமாக. அந்தக் கருமை தழும்பல்ல, நாளடைவில் மங்கும். வெயில் பட்டால் மங்குவது தாமதமாகும்.

இனி வருவதுதான் முக்கியம். மயிர்க்காலின் சுவர் ஆழத்தில் உடைந்து, உள்ளிருந்ததெல்லாம் சுற்றியுள்ள திசுவுக்குள் சிந்தினால், 5 மில்லிமீட்டருக்கும் பெரிதாகக் கெட்டியான, வலிக்கும் முண்டு உருவாகிறது. அதற்கு நாட்யூல் என்று பெயர். உள்ளே திரவம் நிறைந்து தளதளவென்று இருந்தால் நீர்க்கட்டி. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற நார்ப்பொருள் இருப்பது இந்த ஆழத்தில்தான். சண்டை நடந்த இடத்தில் கொலாஜன் அழிந்தால் குழி விழும். ஆறும்போது கூடுதலாக உருவானால் மேடு கட்டும். கிரீம் பூசிக் குழியை நிரப்ப முடியாது. தழும்புக்கான சிகிச்சைகள் இருக்கின்றன. அவை நீண்டவை, செலவு பிடிப்பவை, பழைய தோலை அப்படியே திருப்பித் தருவதில்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை. பருபோலத் தெரிவதெல்லாம் பரு அல்ல. நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில், அரிப்போடு, திடீரென்று கூட்டமாக வந்தால் மலாசீசியா என்ற ஈஸ்ட் மயிர்க்கால்களைத் தாக்கியிருக்கலாம். பருவுக்கான ஆன்டிபயாட்டிக் அதை மோசமாக்கும். நடுவயதில் கன்னமும் மூக்கும் அடிக்கடி சிவந்து, கரும்புள்ளியே இல்லாமல் மேடுகள் வந்தால் ரோசேசியா என்ற வேறொரு தோல் நோயா என்று பார்க்கவேண்டும். நிறம் வெளுக்க என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமை மாதக்கணக்கில் பூசியவர்களுக்கு வருவது இன்னொரு ரகம்.

சுருக்கமாக: மேல்மட்டப் பருவுக்குக் காலம் நண்பன். ஆழமான பருவுக்குக் காலம் எதிரி.

## எந்த மருந்து எந்தப் படியைத் தொடுகிறது

வழக்கமான தோல் மருத்துவத்தில் ஒவ்வொரு மருந்தும் மேலே சொன்ன நான்கில் ஒன்றையோ இரண்டையோ குறிவைக்கிறது. வைட்டமின் ஏ-யின் உறவினர்களான ரெட்டினாய்டுகள், உதாரணமாக அடாபலீன், செல்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. அடைப்பே விழாமல் பார்த்துக்கொள்கின்றன. பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்கிறது. 2.5 சதவீதமே பலருக்குப் போதும்; 10 சதவீதத்துக்குத் தாவினால் பலனைவிட எரிச்சல்தான் கூடும். தலையணை உறையை வெளுக்க வைத்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெட்டியில் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகள் பாக்டீரியாவோடு அழற்சியையும் அடக்குகின்றன. எல்லாப் படிகளையும் ஒருசேரத் தொடுவது ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. கடுமையான பருவுக்கு அதற்கு நிகர் இல்லை. ஆனால் கருவைக் கடுமையாகச் சிதைக்கக்கூடியது என்பதால் கர்ப்பத் தடுப்பும் மருத்துவக் கண்காணிப்பும் இல்லாமல் தொடவே கூடாது.

பூச்சு மருந்துகளைப் பருவின் தலையில் பொட்டு வைப்பதுபோல வைத்தால் பயனில்லை. நாளைய பரு இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக அருகில் இருக்கிறது. அதனால் பரு வரும் பரப்பு முழுவதும் பூசவேண்டும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இந்தப் பொறுமை இல்லாமல் மூன்றாம் வாரமே மருந்தை மாற்றுகிறவர்கள்தான் 'அலோபதி ஒத்துவரவில்லை' என்று சொல்லிக்கொண்டு அடுத்த வாசலைத் தட்டுகிறார்கள்.

## ஹோமியோபதி கேட்கும் கேள்வி வேறு

அந்த வாசலில் முதலில் ஒரு குழப்பத்தைக் களைய வேண்டும். ஹோமியோபதி என்றால் மூலிகை மருத்துவம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. தாவரம், தாது, விலங்குப் பொருள் எல்லாமே அதில் மூலப்பொருளாகும். மூலப்பொருள் எது என்பதைவிட, அது எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது, எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பதில்தான் ஹோமியோபதியின் தனித்தன்மை இருக்கிறது.

ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1790-இல் சின்கோனா மரப்பட்டையைத் தானே உட்கொண்டு பார்த்தார். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட பட்டை அது. தமக்கும் அந்தக் காய்ச்சலைப் போன்ற குறிகள் வந்ததாக எழுதினார். ஆரோக்கியமானவரிடம் எந்தக் குறிகளை ஒரு பொருள் உண்டாக்குகிறதோ, அதே குறிகள் கொண்ட நோயை அது போக்கும் என்ற கொள்கை அங்கிருந்து பிறந்தது. 1796-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 'ஒத்ததை ஒத்தது குணப்படுத்தும்' என்பது அதன் சுருக்கம். நோயாளியின் ரத்தத்தை வடித்ததும் பாதரசத்தை அள்ளிக் கொடுத்ததும் மருத்துவமாக இருந்த காலம் அது. எதுவும் செய்யாத மருந்தே அன்று பெரிய கருணை.

பருவில் இந்தக் கொள்கைக்கு நல்ல உதாரணம் காலி புரோமேட்டம், அதாவது பொட்டாசியம் புரோமைடு. 19-ஆம் நூற்றாண்டில் வலிப்பு நோய்க்கு இதைத் தாராளமாகக் கொடுத்தார்கள். உண்டவர்களின் முகத்திலும் மார்பிலும் பருபோன்ற கொப்புளங்கள் கிளம்பின. இது கற்பனை இல்லை, நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. பருவை உண்டாக்கும் பொருள், ஆகவே பருவைப் போக்கும் என்பது ஹோமியோபதியின் தர்க்கம். முதல் பாதி வேதியியல். இரண்டாம் பாதி நம்பிக்கை. நிரூபிக்கப்பட வேண்டிய இடம் அதுதான்.

ஹோமியோபதி மருத்துவர் பருவின் ஆழத்தை மட்டும் பார்த்து மருந்து தருவதில்லை. ஆளையே பார்க்கிறார். தொட்டால் தாங்கமுடியாத வலி, சீழ், சிறு குளிர்காற்றும் ஆகாது என்றால் ஹெப்பர் சல்ஃப். ஆற நாளாகிறது, வடு விழுகிறது, உடம்பு எப்போதும் சில்லென்று என்றால் சிலிசியா. மாதவிலக்கை ஒட்டி வருகிறது, சட்டென்று கண் கலங்கும் சுபாவம் என்றால் பல்சட்டில்லா. அரிப்பு, சூடு தாங்காத உடம்பு என்றால் சல்ஃபர். ஒரே மாதிரிப் பரு உள்ள இருவர் இரண்டு வெவ்வேறு மருந்தோடு வீடு திரும்புவது இதனால்தான். முதல் சந்திப்பே ஒரு மணி நேரம் நீளலாம். தூக்கம், கனவு, பயம் எல்லாம் விசாரிக்கப்படும். ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் தோல் மருத்துவரிடமிருந்து வந்தவருக்கு அந்த ஒரு மணி நேரமே பாதி மருந்து. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. பருவால் கண்ணாடி பார்க்கவே கூசுகிற பதினேழு வயதுக்காரருக்கு யாராவது உட்கார்ந்து கேட்பது சிறிய காரியமல்ல.

## வீரியம் என்ற கணக்கு

மருந்துச் சீசாவின் மேல் 6, 30, 200 என்று எண் இருக்கும். அதற்கு வீரியம் என்று பெயர். ஒரு பங்கு மூலப்பொருளை 99 பங்கு நீரிலோ ஆல்கஹாலிலோ கலந்து குலுக்கினால் 1 சி. அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்தால் 2 சி. ஒவ்வொரு படியிலும் நூறில் ஒரு பங்கு மட்டும் முன்னே போகிறது. 6 சி-யில் மூலப்பொருள் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு. 30 சி-யில், 1-க்குப் பின் 60 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு.

இந்த எண்களைப் படித்தால் தலை சுற்றும், பிடிபடாது. இப்படிப் பாருங்கள். 119 கிராம் பொட்டாசியம் புரோமைடில் அந்தப் பொருளின் மிகச்சிறு அலகுகள் தோராயமாக 6-க்குப் பின் 23 சுழியங்கள் அளவுக்கு உள்ளன. ஒவ்வொரு படியிலும் நூறில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஒதுக்கினால், 12-ஆம் படியில் கையில் ஒன்றுகூட மிஞ்சும் என்று உறுதி சொல்ல முடியாது. 30-ஆம் படிக்கு இன்னும் 18 படிகள் இருக்கின்றன. வழக்கமாகக் கிடைக்கும் 30, 200 வீரிய உருண்டைகளில் இருப்பது சர்க்கரை மட்டுமே என்பது இந்தக் கணக்கின் முடிவு. குலுக்கும்போது பொருளின் பண்பு நீரில் பதிகிறது என்பது ஹோமியோபதியின் பதில். நீர் அப்படி நினைவு வைத்துக்கொள்கிறது என்பதை யாரும் நம்பகமாகக் காட்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. தாய்த் திரவம் எனப்படும் மதர் டிங்சரும், பத்துப் பத்தாகக் கரைக்கும் 1 எக்ஸ், 2 எக்ஸ் போன்ற கீழ் வீரியங்களும் வெறும் சர்க்கரை அல்ல. அவற்றில் பொருள் இருக்கிறது. பருவுக்குப் பரவலாகப் பேசப்படும் பெர்பெரிஸ் அக்விஃபோலியம் பெரும்பாலும் தாய்த் திரவமாகவே விற்கப்படுகிறது. அது ஆல்கஹாலில் ஊறிய தாவரச் சாறு, தோலில் எரிச்சல் தரக்கூடியது. 2017-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பல் முளைக்கும் குழந்தைகளுக்கான சில ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுத் தாவரத்தின் அளவு சீராக இல்லை, சிலவற்றில் லேபிளில் சொன்னதைவிட மிக அதிகம் என்று கண்டறிந்து எச்சரித்தது. 'ஹோமியோபதிதானே, பக்கவிளைவு இருக்காது' என்பது 30-க்குப் பொருந்தலாம். தாய்த் திரவத்துக்குப் பொருந்தாது.

சுருக்கமாக: உயர் வீரியத்தில் பொருள் இல்லை, கீழ் வீரியத்தில் இருக்கிறது. சீசாவின் எண்ணைப் பார்க்காமல் 'ஹோமியோ மருந்து' என்று பொதுவாகப் பேசினால் எதைப் பேசுகிறோம் என்றே தெரியாது.

## அப்படியானால் அவருக்கு எப்படிப் போயிற்று?

ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஹோமியோபதி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அது பயனளிக்கிறது என்று நம்பகமான சான்றுடன் சொல்லத்தக்க நோய் எதுவும் இல்லை என்று 2015-இல் முடிவு சொன்னது. பிரான்ஸ் 2021 முதல் ஹோமியோபதி மருந்துகளுக்குப் பொதுக் காப்பீட்டில் பணம் திருப்பித் தருவதை நிறுத்திவிட்டது.

மூன்று மாதத்தில் பரு போனவர் இதைக் கேட்டால் கோபப்படுவார். என் முகமே சாட்சி என்பார். அவர் முகம் சாட்சிதான், ஆனால் எதற்கு? பரு ஏறி இறங்கும் நோய். மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் மனிதர் மருத்துவரைத் தேடுகிறார். உச்சிக்குப் பிறகு இறக்கம் எப்படியும் வரும். பருவ வயதுப் பரு பலருக்கு இருபதுகளில் தானாகவே அடங்குகிறது. மருந்தில்லாத வெறும் கிரீம் பூசிய குழுவிலும் கணிசமானோருக்குப் பரு குறைவதைப் பரு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. மருந்து தொடங்கியதோடு கிள்ளுவதை நிறுத்தியிருப்பார், நேரத்துக்குத் தூங்கியிருப்பார். இத்தனையும் சேர்ந்த பலனை உருண்டையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஹோமியோபதி வட்டாரத்தில் புழங்கும் இரண்டு கருத்துகள் எனக்கு உண்மையிலேயே கவலை தருபவை. ஒன்று, மருந்து வேலை செய்யும்போது நோய் முதலில் கூடும் என்பது. கூடினாலும் மருந்து வேலை செய்கிறது, குறைந்தாலும் வேலை செய்கிறது என்றால், வேலை செய்யவில்லை என்று எப்போதுதான் தெரிந்துகொள்வது? மற்றொன்று, மேலே கிரீம் பூசினால் நோய் உள்ளே அமுங்கிவிடும் என்பது. பரு நடக்கும் இடம் மயிர்க்கால். அங்கே அழற்சி அடங்கினால் அது வேறெங்கும் ஓடி ஒளிவதில்லை.

## எங்கே காத்திருக்கலாம், எங்கே கூடாது

கரும்புள்ளியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு பருவும்தான் என்றால், ஹோமியோபதியை முயன்று பார்க்க விரும்புகிறவரை நான் தடுக்கமாட்டேன். இழப்பது கொஞ்சம் காலமும் பணமும். 30 வீரிய உருண்டை கூடவே பூசும் அடாபலீனோடு மோதப்போவதில்லை; கிரீமை நிறுத்தச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

நாட்யூல், நீர்க்கட்டி, ஏற்கெனவே விழத் தொடங்கிய குழி இருந்தால் கதை வேறு. அங்கே காத்திருப்பின் விலையை முகம் கொடுக்கிறது. நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். பெண்களுக்குப் பருவோடு மாதவிலக்கு தாறுமாறாகி, முகத்தில் முடியும் வளர்ந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவை. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை அதில் ஒரு சாத்தியம். பருவோடு காய்ச்சலும் மூட்டு வலியும் திடீரென வந்து பரு புண்ணாக உடைந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

மற்றபடி எந்த மருந்தைத் தொடங்கினாலும், தொடங்கும் நாளில் ஒரே சன்னலோரத்தில், ஒரே வெளிச்சத்தில், நேராகவும் இரண்டு பக்கவாட்டிலும் மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டு. தொட்டால் வலிக்கும் முண்டுகள் எத்தனை என்று எண்ணித் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வாரம் அதே சன்னலோரத்தில் மறுபடி மூன்று படம், மறுபடி எண்ணிக்கை. இடையில் புதிதாக ஒரே ஒரு குழி விழுந்தாலும் பன்னிரண்டாம் வாரம்வரை காத்திருக்க வேண்டாம்.